பெரிகோரில் ஒரு செக்கு

அன்பு நண்பா,

உனக்கு எழுதி நான்கு மாதமாகிறது. அக்காவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை உன் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும், மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். பேத்தி பேசத் தொடங்கிவிட்டாள். வாயைத் திறந்தால் மூடுவதில்லை, ஐந்தாம் வகுப்பில் நீ இருந்த மாதிரியே.

இன்று எழுத உட்கார வைத்தது ஒரு வாசனை. அதற்கு முன் போன இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் கடைசி வாரம் நானும் என் மனைவியும் பாரிஸிலிருந்து தெற்கே பெரிகோர் பகுதிக்கு, தொர்தோஞ் ஆற்றுப் பக்கம் போயிருந்தோம். சார்லா ஊருக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். சுவரெல்லாம் மஞ்சள் சுண்ணாம்புக்கல். கூரையில் ஓட்டுக்குப் பதில் கனத்த கல்பலகைகளை அடுக்கியிருக்கிறார்கள். நீ வந்திருந்தால் உத்தரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே அரை நாளைக் கழித்திருப்பாய். வாசலில் அக்ரூட் மரங்கள். விடிந்ததும் புல்லெல்லாம் காய் உதிர்ந்து கிடக்கும். பச்சைத் தோலை உரித்த விரல்கள் இன்னும் கறுப்பாகவே இருக்கின்றன, எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

ஒரு நாள் ஆற்றில் துடுப்புப் படகு ஓட்டினோம். ஒரு கரையில் பெய்னாக் கோட்டை, எதிர்க்கரையில் காஸ்தெல்நோ கோட்டை. நூற்றாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுக்காரர் பக்கம், மற்றது ஆங்கிலேயர் பக்கம். இன்று நடுவில் வாத்துகள் நீந்துகின்றன. சனிக்கிழமை சார்லா சந்தைக்குப் போனோம். அங்கே ஒரு பழைய தேவாலயத்துக்குள்ளேயே கடைகள் போட்டிருக்கிறார்கள். உருளைக்கிழங்கைச் சீவி, வாத்துக் கொழுப்பில் முறுகவிட்டு, பூண்டும் பார்ஸ்லியும் தூவித் தருகிறார்கள். உனக்கு உருளைக்கிழங்கு என்றால் உயிராயிற்றே, உன்னை நினைத்துக்கொண்டு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கார அம்மா ஓர் இரவு பூண்டு சூப் வைத்துக் கொடுத்தார். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிஞ்சியதும் அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, கிண்ணத்தைத் தூக்கி அப்படியே குடித்தார். இதற்கு ஷாப்ரோல் என்று பெயராம். பழைய சோற்று நீராகாரத்தைச் சட்டியோடு உறிஞ்சும் நம் ஆட்கள் இதைப் பார்த்தால் உடனே உறவு கொண்டாடியிருப்பார்கள்.

இனி வாசனைக்கு வருகிறேன். பக்கத்தில் சான்த் நத்தாலென் என்ற சிற்றூரில் 16-ஆம் நூற்றாண்டு நீராலை ஒன்று இருக்கிறது. இன்றும் அக்ரூட் எண்ணெய் ஆட்டுகிறார்கள். ஓடை நீர் சக்கரத்தைத் திருப்புகிறது. நம் செக்கில் உலக்கை சுற்றுமல்லவா, இங்கே செங்குத்தாக நிற்கும் கல் சக்கரம் வட்டக் கல்லின்மேல் உருண்டு பருப்பை மாவாக அரைக்கிறது. அதை இரும்புச் சட்டியில் போட்டு விறகுத் தீயில் கிளறிச் சூடாக்குகிறார்கள். பிறகு துணியில் பொதிந்து அழுத்துகிறார்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 2 கிலோ பருப்பு. நாம் எள்ளோடு கருப்பட்டி போடுகிறோம், இவர்கள் தீயில் காட்டுகிறார்கள். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். ஆட்டுகிறவர் சட்டியைக் கவனிக்கிற கவனம்கூட.

சட்டியிலிருந்து அந்தச் சூடான பருப்பு வாசனை கிளம்பியது. அழுத்திய பிறகு வட்டமான பிண்ணாக்கை எடுத்து ஓரத்தில் வைத்தார்கள். எனக்கு உன் வீட்டுக் கொல்லைப்புறம் வந்துவிட்டது. உன் அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டே நம் இருவர் கையிலும் ஆளுக்கொரு துண்டு எள்ளுப் பிண்ணாக்கு வைப்பார். "மாட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்" என்பார். கண் கலங்கிவிட்டது. இவள் புகை பட்டதென்று நினைத்துக் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

போன தடவை தொலைபேசியில் நீ சொன்னதுதான் அன்றிலிருந்து உறுத்துகிறது. உன் அப்பாவின் செக்குக் கல்லை யாரோ ஓட்டல்காரர் தோட்டத்தில் அலங்காரமாக வைக்கக் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்றாயே. கொடுக்காதே. உனக்குப் பணம் தேவையென்றால் சொல், நான் அனுப்புகிறேன். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மறுநாள் லாஸ்கோ போனோம். 1940-இல் கண்டுபிடித்த அந்தக் கற்கால ஓவியக் குகையை 1963-இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள், வந்துபோகிறவர்களின் மூச்சே ஓவியங்களைக் கெடுத்தது. நாங்கள் பார்த்தது 2016-இல் திறந்த நகல். நகல்தானே என்று இவள் முகம் சுளித்தாள். எனக்கோ குகையைக் காப்பாற்ற இப்படிச் செய்ததில் மிகுந்த மரியாதை வந்தது. ஆனால் செக்கு குகை ஓவியம் இல்லை. பூட்டி வைத்தால் செத்துவிடும், ஆட்டினால்தான் அது செக்கு. ஆட்டுகிற ஒருவரைத் தேடுவோம். ஒட்டடைக்குச்சி என்று நாம் கூப்பிடுவோமே, அவன் மருமகன் மரச்செக்கு எண்ணெய் விற்கிறான் என்று நீதானே எழுதியிருந்தாய்? அவனிடம் பேசிப் பார்.

அந்த ஆலையில் உனக்கு ஒரு குப்பி வாங்கி வைத்திருக்கிறேன், ஜனவரியில் கொண்டுவருகிறேன். சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடுமாம், அதனால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுப்பில் வைத்துத் தாளிக்காதே, பச்சையாகத்தான் ஊற்ற வேண்டும். அண்ணியிடமும் இதைச் சொல்லிவை.

ஓட்டல்காரருக்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்