வடக்குச் சுவரோரத்துக்கு வல்லாரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பெங்களூர் வீட்டின் வடக்குச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே கிடக்கும் நான்கு அடி அகல நிலத்தில் இரண்டு முறை புல் பதித்தும் அது மஞ்சளித்துச் செத்துவிட்டது என்றும், மழை பெய்தால் சேறு சுவர் முழுக்கத் தெறிக்கிறது என்றும், நிழலிலேயே படர்ந்து தரையை மூடிக்கொள்ளும் செடி ஏதாவது சொல்லுங்கள் என்றும் நீ போனில் கேட்டாய். ‘வல்லாரை வை’ என்று இரண்டே வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் அதிகம் என்று பட்டதால் இதை எழுதுகிறேன்.

புல் செத்தது உன் கவனக்குறைவால் அன்று. சூரியன் வடக்கே சாயும் சில மாதங்களைத் தவிர அந்த இடத்தில் நேர் வெயில் விழாது. வெயில் இல்லாமல் புல் வாழாது. வல்லாரைக்கு அந்தக் கவலை இல்லை. அது ஒரு பருவத்தில் முடிந்துபோகும் கீரை அன்று. பல ஆண்டுகள் வாழும் கொடி. தரையோடு ஓடும் தண்டில் கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒவ்வொரு கணுவிலும் ஒரு கொத்து இலையை உயர்த்தி, மண் கண்ணுக்குத் தெரியாதபடி மூடிவிடும். முழு வெயிலில் வைத்தால் இலை சிறுத்துத் தடித்துச் செம்மை பாயும். அரை நிழலில் காம்பு நீண்டு இலை நன்றாக அகலும். அடர்ந்த இருட்டிலோ காம்பு மட்டும் நீண்டு, படரும் தண்டு குறைந்து, செடி சோனியாகிவிடும். நம் தோப்பில் தென்னைக்கு அடியில் நகர்ந்துகொண்டே இருக்கும் ஓலை நிழல் அதற்கு ஏற்ற அளவு. உன் மதிலின் மேல் காலை வெளிச்சம் வருகிறது என்றாயே, அது போதும்.

ஆகவே நிழல் உனக்குச் சிக்கல் இல்லை. வல்லாரையை வாழ வைப்பதும் சாகடிப்பதும் தண்ணீர்தான். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பாத்தியை முழுவதும் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

உன் அப்பத்தா காலத்திலிருந்து நம் கிணற்றடியில் வல்லாரை இருந்தது உனக்கு நினைவிருக்கும். துணி துவைக்கும் கல்லின் பக்கம் அவர் அதை விடவே மாட்டார். குடம் நிரப்பும்போது சிந்துகிற நல்ல தண்ணீர் ஓடும் பக்கத்தில் மட்டும்தான் படர விட்டிருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, கிணற்றில் ஊறும் வேகம் போதவில்லை என்று நான் ஆழ்துளைக் கிணறு போட்டேன். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஆழமாகப் போகாதீர்கள் என்று உன் அம்மா சொன்னாள், நான் கேட்கவில்லை. முதல் மாதம் தண்ணீர் நன்றாகவே இருந்தது. அடுத்த கோடையில், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்குவதற்கு முன்பே, வல்லாரை இலைகளின் விளிம்பு தீய்ந்தாற்போல் பழுப்பானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக ஊற்றினேன். மூன்று வாரத்தில் பாத்தி சருகாகிவிட்டது. அதே தண்ணீரைக் குடித்த தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் காரணம் புரிய எனக்கு வெகுநாளாயிற்று. தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும்; வல்லாரை அவ்வளவு தாங்காது.

நம் கடற்கரை மணலுக்கு அடியில் மழைநீர், கீழே இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்துகொண்டிருக்கிறது. உப்புநீர் சற்றே கனமானது என்பதால், நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேலே 1 அடியை இறைத்துக் குறைத்தால், கீழே உப்பு அதே கணக்கில் நாளடைவில் மேலேறி வரும். நம் ஊர்ப் பெண்கள் மணலில் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் பைய அள்ளிக் குடத்தை நிரப்பியது சோம்பலால் அன்று. ஆழம் போனாலும் அவசரப்பட்டாலும் உப்பு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் மோட்டார் வைத்த பிறகு தெரிந்தது. இப்போது பழைய கிணற்றில் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை இறைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பக்கத்துத் தோப்பிலிருந்து வாங்கி வந்து நட்ட வல்லாரை மீண்டும் கிணற்றடியைப் பிடித்துவிட்டது.

பெங்களூரில் கடல் இல்லையே, இந்தக் கதை எதற்கு என்று கேட்பாய். உன் சமையலறையில் இருக்கும் ஆர்.ஓ. கருவியிலிருந்து கழிந்து வரும் தண்ணீரை வீணாக்காமல் செடிகளுக்கு ஊற்றுவதாகச் சென்ற முறை பெருமையாகச் சொன்னாய். குடிக்கும் தண்ணீரிலிருந்து நீக்கிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தக் கழிவுநீரில்தான். வீடு கழுவு, வாளி கழுவு. வல்லாரைக்கு மட்டும் ஊற்றாதே. மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கிப் புளிப்பு நாற்றம் எழக்கூடாது.

இனி நடவு. முதலில் அந்த நிலத்தை ஒரு முழ ஆழம் கொத்தி, கோரைக்கிழங்கு ஒன்றுகூட விடாமல் பொறுக்கி எடுத்துவிடு. வல்லாரை மூடிய பிறகு கோரை முளைத்தால், அதைப் பிடுங்கும்போது வல்லாரையும் கையோடு வந்துவிடும். இந்த ஒரு வேலையில் மட்டும் சோம்பல் ஆகாது. ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். கட்டட வேலையின் சிமெண்ட் கட்டி, ஜல்லி, சுண்ணாம்புத் துண்டு எல்லாம் மதிலோரத்தில் புதைந்திருக்கும், அவற்றையும் அள்ளிவிடு. இங்கே நமக்கு வெறும் மணல் என்பதால் கண்மாயில் அள்ளிய கரம்பை மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் கலந்தால்தான் ஈரம் நிற்கும். உன் ஊர்ச் செம்மண் தானே ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நன்றாக மக்கிய சாண எரு மட்டும் போதும்.

விதையைத் தேடாதே, முளைக்கத் தாமதமாகும், முளைப்பதும் குறைவு. வேர்விட்ட கணுவோடு கூடிய தண்டுத் துண்டுதான் நாற்று. ஒரு சாண் இடைவெளியில், கணு மண்ணுக்குள்ளும் இலை வெளியிலும் இருக்குமாறு வைத்து, விரலால் அழுத்திவிடு. முதல் பத்து நாள் இரண்டு வேளையும் பூவாளியால் தெளி. இலை சிறிது வாடினாலும் பதறாதே. புது இலை சுருண்டு எழும்பினால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் தரை மூடும். உனக்கு ஆனி, ஆடியிலேயே மழை வந்துவிடுவதால் அப்போது நடுவது நல்லது. நாங்கள் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் அங்கே வளர்ச்சி மந்தப்படும். அதற்காக உரத்தைக் கொட்டாதே. மழைக்காலத்தில் நத்தை வந்து இலையை ஓட்டை போடும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்கிவிடு, பேரனுக்கும் ஒரு வேலையாயிற்று.

மிதி மட்டும் அதற்கு ஆகாது. துணி உலர்த்தப் போகும் வழியில் நான்கைந்து கல் பதித்துவிட்டு இடையில் நடு.

செடியை வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. நாற்றுப் பண்ணைகளில் வட்ட இலையின் நடுவில் குடைக்காம்பு போலக் காம்பு பொருந்திய ஒரு செடியை வல்லாரை என்று கொடுத்துவிடுவார்கள், அது வேறு. வல்லாரை இலை சிறுநீரக வடிவில் இருக்கும், அடியில் ஒரு பிளவு இருக்கும், காம்பு அந்தப் பிளவில்தான் சேரும். ‘பிரம்மி’ என்று கேட்டாலும் குழப்பம்தான், ஏனென்றால் நீர்ப்பிரமி என்னும் வேறொரு செடிக்கும் அந்தப் பெயர் உண்டு. கன்னடத்தில் ‘ஒந்தெலகா’ என்று கேள்; கீரைக்காரர் வேரோடு கட்டி விற்பதும் உண்டு.

தின்பதைப் பற்றி: நீ பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு முழுவதும் ஞாபகசக்திக்கு என்று உன் அம்மா வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுத்தாள், கணக்கில் நீ வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுத வேண்டாம். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, எலுமிச்சைச் சாறு சேர்த்து இலங்கைத் தமிழர் செய்யும் பச்சைச் சம்பல்தான் எனக்குப் பிடித்தது. ஆனால் ஒன்று: வல்லாரை மண்ணிலும் நீரிலும் இருக்கும் ஈயம் முதலிய உலோகங்களைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். சென்ற ஆண்டு உங்கள் சுவரின் பழைய பெயின்ட்டைச் சுரண்டியபோது தூளெல்லாம் அந்த நிலத்தில்தான் விழுந்தது. எனவே அங்கே வளர்வது கண்ணுக்கு மட்டும் இருக்கட்டும். சமையலுக்கு வேண்டியதைப் புதுமண் நிரப்பிய தொட்டியில் தனியாக வை. அறுக்கும்போது இலையைக் காம்போடு கத்தரியால் நறுக்கு; பிடித்து இழுத்தால் தண்டு வேரோடு கிளம்பிவிடும்.

மாப்பிள்ளையின் தம்பி வரும் வெள்ளிக்கிழமை இங்கிருந்து புறப்படுகிறார். அவரிடம் நாற்பது துண்டுகள் கொடுத்தனுப்புகிறேன். வேர்மண்ணோடு ஈரச் சாக்கில் சுற்றி, மேலே வாழைமட்டை வைத்துக் கட்டியிருக்கும். வந்த அன்றே நட முடியாவிட்டால் கட்டைப் பிரித்து நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்து வை, வேரைக் கழுவிவிடாதே. கோரைக்கிழங்கு பொறுக்கும் வேலையை அதற்குள் முடித்துவிடு.

அன்புடன்,
அப்பா