எடையைப் பார்க்கிறீர்கள், எலும்பையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய உடல் பருமன் அறுவை சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம். மூன்று வருடம் முன்பு உங்களிடம் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கும் அறுவை) செய்துகொண்டவர் என் அக்கா. எடை நன்றாகக் குறைந்தது, சர்க்கரை மாத்திரையும் நின்றது. அந்த நன்றி இன்றும் உண்டு.

போன மாதம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டு இறங்கியவர், கடைசிப் படியில் தடுக்கிக் கையை ஊன்றினார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எலும்பு மருத்துவர் கேட்டது: "ஆபரேஷனுக்கு அப்புறம் டெக்ஸா ஸ்கேன் எடுத்தீங்களா?" எலும்பின் அடர்த்தியை அளக்கும் அப்படி ஒரு ஸ்கேன் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். எடுத்துப் பார்த்தால் ஆஸ்டியோபோரோசிஸ்: எலும்பு வலுவிழந்து எளிதில் முறியும் நோய்.

உங்களுக்குத் தெரியாததா? சாப்பாடு சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தொடாமல் போனால் கால்சியம் உடலில் சரியாகச் சேராது. அமிலம் குறைந்த வயிற்றில் கால்சியம் கார்பனேட்டை விட கால்சியம் சிட்ரேட் மாத்திரைதான் நன்றாகச் சேரும். தினம் 1,200 முதல் 1,500 மில்லிகிராம் கால்சியம் என்று உங்கள் துறையின் வழிகாட்டுதலே சொல்கிறது. அக்காவின் டிஸ்சார்ஜ் தாளில் புரோட்டீன் பவுடரின் பிராண்டு வரை இருக்கிறது. கால்சியம் மூன்று மாதத்துக்கு மட்டும். அப்புறம்? மாதவிடாய் நின்றுபோன பெண், எலும்பு இன்னும் வேகமாகத் தேயும் என்பது உங்கள் ஃபைலைப் பார்த்தாலே தெரியுமே.

அவருக்கு இப்போது தலை பின்னிவிடுவதும் கொசுவம் வைத்துவிடுவதும் மகள்தான். இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு, சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கே வரவில்லை. அதைவிட மோசம், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் காலை நடையையும் விட்டுவிட்டார். எலும்புக்கு வேண்டியதே அந்த நடைதான்.

கேட்பது ஒன்றுதான்: அறுவைக்கு முன் ஒரு டெக்ஸா, இரண்டு வருடத்துக்குள் இன்னொன்று. டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.

ரிவ்யூவுக்கு வந்தபோதெல்லாம் எடை மெஷினில் ஏற்றிக் கைதட்டினீர்கள். உங்கள் லிஃப்டில் பழைய பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவர் படம் இருக்கிறது. பக்கத்தில் மாவுக்கட்டோடு ஒரு படமும் மாட்டலாம். இப்போது எடை குறைக்க ஊசி வேறு வந்துவிட்டது. கத்தி படாமல் குறைத்தாலும் தசையும் எலும்பும் சேர்ந்தே கரையலாம் என்று ஊசி போட்டுக்கொள்பவர்களுக்காவது யாராவது சொல்கிறார்களா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். தயவுசெய்து அந்த ஸ்கேனைக் கட்டாயமாக்குங்கள். ஏற்கெனவே அறுவை முடிந்து வீடு போனவர்களின் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறது. புது பேக்கேஜ் வந்தால் தவறாமல் மெசேஜ் அனுப்புகிறீர்கள். முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் தம்பி