கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

இயேசுவுக்குப் புகழ். உங்கள் கடிதம் வந்தது. பாதிக்கு மேல் திட்டு. போனில் சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுவேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், தெரியும்.

பூசைக்குப் போகிறாயா என்று கேட்டிருந்தீர்கள். ஞாயிறு தவறுவதில்லை, புனித லூசியா பேராலயம் நடக்கிற தூரம்தான். பாஸ்கா காலத்தில் பாவசங்கீர்த்தனமும் ஆயிற்று. திருச்சபைக் கட்டளை என்று பார்த்தால் என் பக்கம் பாக்கி ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு அன்ரியிடம் இந்தக் கணக்கு செல்லாது.

அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி நோன்பு 18 வயதிலிருந்து 59 வரைக்கும்தான், அதுவும் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும். இவரோ வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை ஒருவேளைதான் சாப்பிடுகிறார், தினமும் காலைப் பூசை, செவ்வாய் என்றால் கொச்சிக்கடை அந்தோனியார். (2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த அதே கோயில்தான், இப்போது வாசலில் பையைச் சோதித்துத்தான் விடுகிறார்கள், பயப்படாதீர்கள்.) வெள்ளி மத்தியானம் பசியில் எரிச்சல் ஏறி, படிக்கட்டில் யார் செருப்பு விட்டாலும் சண்டை. இப்படிச் சிடுசிடுத்துக்கொண்டு தவம் எதற்கு என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், அவர் சாப்பிடாத அந்தச் சாப்பாடு இடியப்பமும் சொதியுமாக மேல்மாடியில் படுத்த படுக்கையாய் இருக்கும் சிங்களத் தாத்தாவுக்குப் போகிறது. அவர் பௌத்தர். செருப்புக்குச் சண்டை வாங்குவது அவருடைய மகன்தான்!

"உங்களுக்குத்தான் ஒருசந்தி கடமை இல்லையே அன்ரி" என்றேன். "தம்பி, உங்கட அம்மா அளந்தே சோறு போட்டவ?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். நீங்கள் திட்டுவதைக்கூட அளந்ததில்லை. மறைக்கல்வி நூலிலும் இந்தக் கட்டளைகளைக் குறைந்த அளவு என்றுதான் சொல்லியிருக்கிறது, நாம்தான் அதையே முழு அளவாக எடுத்துக்கொண்டோம்.

இப்போது நானும் வெள்ளி ஒருசந்தி. மாதக் கடைசியில் வியாழனும் சேர்ந்துகொள்ளும், சில சமயம் புதனும். பக்திதான் அம்மா, வேறு எதையாவது நினைத்துக்கொண்டு பெரிய மாமாவிடம் போய் நிற்காதீர்கள். மற்ற நாட்களில் பாணும் (ரொட்டிக்கு இங்கே அதுதான் பெயர்) தேங்காய்ச் சம்பலும், ருசியே தனி.

ஜூலை 26ஆம் தேதி நம்ம ஊர் பனிமய மாதா கொடியேற்றத்துக்கு வர முடியாது. ஆகஸ்ட் 5 சப்பரத்துக்கும் சந்தேகம்தான், லீவு இல்லை. இங்கே துறைமுகம் பக்கம். ராத்திரி கப்பல் சங்கு ஊதினால் தூத்துக்குடி என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், அப்புறம் தூக்கம் வருவதில்லை. மதினி வறுக்கிற நெத்திலி வாசம்கூட வருகிறது, அந்த நேரத்தில் யார் இங்கே வறுக்கப் போகிறார்கள்!

சரி, தங்கச்சி விஷயம். மணப்பாட்டு வரன் நல்ல இடம், இழுக்காதீர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் தொடங்கினால் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் நவம்பர் பாதிக்குள் முடித்துவிடுங்கள். நகைக்கு நான் ஏதாவது செய்கிறேன், எப்படி என்று கேட்க வேண்டாம். வீட்டுப் பத்திரத்தை அண்ணன் கேட்டால் கொடுக்காதீர்கள், மதினி அழுதாலும் கொடுக்காதீர்கள், பீரோ சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை எந்த ஞாயிறு வாசிக்கிறார்கள் என்று சாமியாரிடம் கேட்டு உடனே எழுதுங்கள்.

உங்கள் மகன்