கூட்டக் குறிப்பேடுகளைக் காக்க ஒரு நன்கொடை வேண்டுகோள்: இண்டியானாபொலிஸ் சிக்மா காமா ரோ கிளையின் வரலாற்றுத் தொகுப்பு

அன்புடையீர்,

1922 நவம்பர் 12 அன்று இண்டியானாபொலிஸ் நகரில் ஏழு கறுப்பினப் பள்ளி ஆசிரியைகள் கூடி சிக்மா காமா ரோ சொராரிட்டியை, அதாவது மகளிர் சங்கத்தை, தொடங்கினார்கள். இண்டியானா மாநில அரசியலை வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் ஆட்டிவைத்த காலம் அது. 1929 டிசம்பர் 30 அன்று பட்லர் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கிளைக்கு அனுமதிப் பத்திரம் கிடைத்தது. அன்றிலிருந்து சிக்மா காமா ரோ தேசிய அளவிலான கல்லூரிச் சங்கம். ஆஸ்கர் வென்ற நடிகை ஹாட்டி மெக்டேனியல் இதன் உறுப்பினர் என்பதும் பலர் அறிந்ததே.

இவ்வளவும் கலைக்களஞ்சியத்தில் இருக்கிறது. ஆனால் எந்த ஆண்டு எந்த மாணவிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார்கள், அதற்காக நடந்த விருந்துக்கு டிக்கெட் விற்றது யார், மண்டப வாடகை எவ்வளவு என்பதற்கு உள்ளூர்க் கிளையின் கூட்டக் குறிப்பேடும் பொருளாளரின் ரசீதுக் கட்டும்தான் சாட்சி. அவற்றைக் காக்கவே பணம் கேட்கிறோம்.

1895 முதல் வெளிவரும் கறுப்பினச் செய்தி இதழான 'இண்டியானாபொலிஸ் ரெக்கார்ட'ரின் பழைய பிரதிகள் இணையத்தில் இருக்கின்றனவே, அது போதாதா என்று கேட்கலாம். அந்தக் காலச் சமூகச் செய்திப் பத்திகளில் மணமான பெண்கள் பெரும்பாலும் 'திருமதி' போட்டுக் கணவர் பெயரிலேயே வருவார்கள். குறிப்பேட்டில் அவரவர் சொந்தப் பெயர் இருக்கும். இரண்டையும் தேதிவாரியாக ஒப்பிட்டால்தான் ஆள் யாரென்று தெரியும். குறிப்பேடு போனால் பத்திரிகையும் பாதி ஊமை.

இத்தகைய கிளைகள் பலவற்றுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. செயலாளர் மாறும்போது குறிப்பேடுகள் இருக்கும் பெட்டியும் வீடு மாறும். கறுப்பின மக்கள் வாழ்ந்த இண்டியானா அவென்யூவைச் சுற்றியிருந்த வீடுகள் நெடுஞ்சாலைக்காகவும் பல்கலைக்கழக வளாகத்துக்காகவும் இடிக்கப்பட்டபோது குடும்பங்களோடு காகிதங்களும் இடம்பெயர்ந்தன. இப்போது அவை கிடப்பது நிலவறையில் அல்லது பரணில். நிலவறையில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பரணின் வெப்பத்தில் காகிதம் நொறுங்கும். மாடிப்படிக்கு அடியிலுள்ள சாதாரண அலமாரி இரண்டையும்விட மேல்.

மிக மோசமான எதிரி 1970களின் ஒட்டும் பக்கப் புகைப்பட ஆல்பம். அதன் பசை பழுப்பாகிப் படத்தின் பின்புறம் ஊறிவிடும். உரித்தெடுத்தால் படம் வளைந்து மேற்பரப்பு வெடிக்கும். முதலில் முழுப் பக்கத்தையும் ஸ்கேன் செய்கிறோம். பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும், மெழுகு பூசாத நூலைப் படத்துக்கு அடியில் விட்டு அறுப்பதுபோல் மெல்ல நகர்த்துகிறோம். வராத படத்தை அப்படியே விடுவதுதான் நல்லது. செய்தித்தாள் நறுக்குகளின் அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவும் என்பதால் அவற்றை அமிலமற்ற தாளில் நகலெடுத்துத் தனியாக வைக்கிறோம். துருப்பிடித்த குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பிவிசி பிளாஸ்டிக் உறைகளுக்குப் பதில் பாலியெஸ்டர் உறை. பாதுகாப்பதாக நினைத்து யாரும் லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், அதிலிருந்து மீட்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

படங்களை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) நுணுக்கத்தில், டிஃப் (TIFF) என்ற படக்கோப்பு வடிவில் சேமிக்கிறோம். நான்குக்கு ஆறு அங்குல வண்ணப்படம் ஒன்று சுமார் 26 எம்பி வரும். வட்டுச் செலவு ஏறுவது இதனால்தான். மூன்று பிரதிகள் இருக்கும், அவற்றில் ஒன்று வேறு ஊரில். ஒலிப்பதிவுக் கேசட்டுகளில் முதலில் மேல் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் பதிவுத் தடுப்புத் துண்டை உடைத்துவிடுகிறோம், தவறி மேலே பதிவாகிவிடக் கூடாதே. 90 நிமிட நாடாவைக் கணினிக் கோப்பாக மாற்ற 90 நிமிடம் ஓடவிட்டே ஆக வேண்டும். மூத்த உறுப்பினரின் ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும்; பேசுவதற்கு முன்பே பயன்பாட்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் ஒலிப்பதிவு இருந்தும் வெளியிட முடியாமல் போகும்.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: சங்கத்தின் இரகசியச் சடங்கு ஏடுகள்? அவற்றை ஸ்கேன் செய்வதில்லை. பெட்டியை முதலில் திறப்பவர் கிளை உறுப்பினராகவே இருப்பார். அத்தகைய தாள்களைப் பிரித்து உறையிட்டு முத்திரை வைத்துக் கிளைத் தலைவரிடம் ஒப்படைத்த பிறகே மற்றவர்கள் தொடுவார்கள்.

20 டாலர் கொடுத்தால் அமிலமற்ற பெட்டி ஒன்றும் அதற்கான கோப்புறைகளும் வாங்குவோம். 35 டாலரில் ஒரு கேசட் கணினிக் கோப்பாகும். ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தாக்க 100 டாலர் ஒதுக்கியிருக்கிறோம். தொகை சிறிதானாலும் ரசீது உண்டு. காசோலையைக் கிளையின் பெயரில் எழுத வேண்டாம்: மகளிர் சங்கக் கிளைக்கு நேரடியாகத் தரும் பணத்துக்குப் பொதுவாக வரிவிலக்கு இல்லை. அறக்கட்டளைக் கணக்கின் பெயரைப் பொருளாளரிடம் கேட்டு எழுதுங்கள். குறிப்பு வரியில் 'வரலாற்றுத் தொகுப்பு' என்று போடுங்கள், இல்லாவிட்டால் உதவித்தொகை நிதியில் சேர்ந்துவிடும்.

பணம் தர இயலாதவர்கள் பரணைப் பாருங்கள். நிகழ்ச்சி நிரல், விருந்து டிக்கெட், நீலமும் பொன்னிறமும் கலந்த ரிப்பன், பெயர் தெரியாத குழுப்படம், எதுவானாலும் எடுத்த வரிசையைக் கலைக்காமல் கொண்டுவாருங்கள். படத்தின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம். தெரிந்த பெயர்களைத் தனித் தாளில் இடமிருந்து வலமாக எழுதினால் போதும். அசலைக் கொடுக்க மனமில்லையென்றால் ஸ்கேன் செய்து அன்றைக்கே கையில் திருப்பித் தருகிறோம்.

வரலாற்றுத் தொகுப்புக் குழு