முக்திநாத் சாலையில் எங்களைக் காத்து நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

சேலத்திலிருந்து நேபாளத்தின் மலைத் திருத்தலமான முக்திநாத் வரை மோட்டார் சைக்கிளில் சென்று, நானும் என் நண்பனும் நலமாக ஊர் திரும்பியிருக்கிறோம். நாட்டின் எல்லையைத் தாண்டி நாங்கள் வண்டி ஓட்டியது இதுவே முதல் முறை. இப்பயணம் நல்லபடியாக நிறைவேறக் காரணமானவர்களில் பலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. பயணம் புறப்படுகிறவனை உற்சாகப்படுத்த எத்தனையோ பேர் கிடைப்பார்கள். உரிய நேரத்தில் நில் என்று சொல்பவர் கிடைப்பது அரிது. எங்களுக்கு அப்படிப்பட்டவர்கள் வழிநெடுகக் கிடைத்தார்கள். அவர்களுக்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் தெருமுனைப் பட்டறை அண்ணனுக்கு உரியது. செயினையும் ஸ்பிராக்கெட்டையும் மாற்றாமல் வண்டியைத் தர மாட்டேன் என்று உறுதியாக நின்றவர் அவர். புதிய கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளின் அருகிலேயே ஓட்டிக் கட்டிவைத்து, அறுந்தால் இரு முனைகளையும் மாற்றிப் பூட்டிக்கொண்டு சில நிமிடங்களில் கிளம்பிவிடலாம் என்று எங்களை ஒருமுறை செய்துகாட்டவும் வைத்தார். பல்சர் வண்டிக்கு நேபாளத்தின் சிற்றூர்களிலும் உதிரி பாகம் கிடைக்கும் என்பதால் வேறு வண்டியைத் தேட வேண்டாம் என்று சொன்னவரும் அவரே.

நாமக்கல்லைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர், நாக்பூர், ஜபல்பூர், வாரணாசி, கோரக்பூர் என நீளும் வழியில் எந்தெந்தப் பெட்ரோல் பங்குகளில் இரவு வண்டியை நிறுத்தலாம் என்பதைத் தம் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதித் தந்தார். இருட்டிய பிறகு ஓட்டவே கூடாது என்பதை அத்தாளின் தலைப்பிலும் அடியிலும் எழுதியிருந்தார். எல்லை வரை நாங்கள் அதை மீறவில்லை.

சோனௌலி எல்லையில் இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை என்றாலும், வண்டிக்கு நேபாளச் சுங்கத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். 'பன்சார்' என்று அங்கே சொல்லப்படும் அச்சீட்டுக்கு நாள் கணக்கில் கட்டணம் செலுத்த வேண்டும். நண்பனின் வண்டி அவனுடைய அண்ணன் பெயரில் இருந்ததால், அண்ணனின் ஒப்புதல் கடிதத்தையும் காட்ட வேண்டியிருந்தது. இந்தி அரைகுறையாகவும் நேபாளி சிறிதும் தெரியாமலும் வரிசையில் நின்ற எங்களுக்கு, முன்னால் நின்ற கோரக்பூர் டாக்சி ஓட்டுநர் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் விளக்கினார். தம்முடைய முறை வந்தபோதும் எங்களை முன்னே விட்டார். கைக்கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளி வைக்கச் சொல்லியும் அனுப்பினார்.

புட்வலைத் தாண்டியதும் மலையை ஒட்டிச் செல்லும் சித்தபாபா பகுதி கல் சரிவுக்குப் பெயர் போனது. முந்தின இரவு மழை பெய்திருந்ததால், அங்கே தேநீர்க் கடை வைத்திருந்த அம்மையார் எங்களை உட்காரவைத்து, எதிர்த்திசையிலிருந்து பேருந்துகள் வரத் தொடங்கிய பிறகே போக விட்டார்.

பொக்காராவுக்கு அப்பால் பேனியிலிருந்து முக்திநாத் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தொலைவுக்குள் சாலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தை எட்டிவிடுகிறது. ஒருபுறம் அன்னபூர்ணா, மறுபுறம் தௌலாகிரி என இரண்டு எண்ணாயிரம் மீட்டர் சிகரங்களின் நடுவே காளி கண்டகி ஆறு அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்கு அது. வெந்நீர் ஊற்றுகள் உள்ள தாத்தோபானியில் எங்களுக்குச் சோறும் பருப்பும் கீரையும் பரிமாறிய விடுதிக்கார அம்மா, ஜோம்சோமுக்கு அப்பால் முற்பகல் கடந்ததும் பள்ளத்தாக்கில் காற்று பலமாக எழும் என்றும், மண்ணை வாரி இறைக்கும் அக்காற்றில் இரு சக்கர வண்டி நிலைகொள்ளாது என்றும் எச்சரித்தார். அவர் சொன்னது எத்தனை உண்மை என்பதைக் காக்பேனி அருகே கண்ணால் கண்டோம்.

ரூப்சே அருவிக்கு அருகே சேற்றில் நண்பனின் வண்டி சாய்ந்தபோது, சாலைப் பணியிலிருந்த தொழிலாளர்கள் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வண்டியைத் தூக்கும் முன் அவன் காலை அழுத்திப் பார்த்து, எழுந்து நடக்கச் சொல்லி, அதன் பின்னரே வண்டியைத் தொட்டார்கள். நாங்கள் நீட்டிய பணத்தை ஒருவரும் வாங்கவில்லை. அந்தச் சாலையே அவர்களைப் போன்றவர்களின் உழைப்பால்தான் ஆண்டுதோறும் மழைக்குப் பின் மீண்டும் சாலையாகிறது.

இம்மடலில் நான் மிகவும் கடமைப்பட்டிருப்பது ராணிபௌவாவில் விடுதி நடத்தும் பெரியவருக்கு. கோயிலுக்கு நடந்தே சென்றுவிடக்கூடிய தூரத்தில் அவருடைய விடுதி இருந்தது. முக்திநாத்தை வைணவர்கள் திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத் திவ்விய தேசமாகப் போற்றுகிறார்கள். நண்பனின் பாட்டி பல ஆண்டுகளாக அத்தலத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர். ஆகவே, வந்து சேர்ந்த மாலையில் நண்பனுக்குத் தலைவலியும் வாந்தியும் தொடங்கியபோதும் அவன் அங்கேயே தங்க விரும்பினான். பெரியவர் அறையைக் கொடுக்க மறுத்துவிட்டார். உயரத்தால் வரும் நோய்க்கு உறக்கம் மருந்தாகாது, இறங்குவதே மருந்து என்று சொல்லி, தம் மகனை முன்னால் வண்டியில் அனுப்பி, சுமார் 2,800 மீட்டர் உயரத்திலுள்ள காக்பேனி வரை எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நண்பன் அந்தப் பையனின் பின்னால் அமர்ந்து வந்தான். அவனுடைய வண்டி இரவு முழுவதும் பெரியவரின் முற்றத்தில் பத்திரமாக நின்றது. கையில் வந்த வாடகையை வேண்டாம் என்று சொல்லி ஓர் உயிரைக் காத்த மனிதர் அவர். ஒரு நாள் முழுக்க ஓய்வெடுத்துத் தெளிந்த பிறகு மீண்டும் ஏறி, 108 நீர்த்தாரைகளின் கீழும் தலை நனைத்து, பாட்டிக்காக வேண்டிக்கொண்டோம். ஜ்வாலா மாயி சன்னதியில் அணையாத சுடரைப் பேணும் பௌத்தத் துறவிப் பெண்கள் எங்களை அருகில் அழைத்துக் காட்டிய கனிவுக்கும் வணங்குகிறேன்.

திரும்பும் வழியில் பொக்காராவில் தங்கிய அன்று, நேபாளத்தின் தீபாவளியான திகார் பண்டிகையின் நிறைவு நாளான பாய் டிகா. உடன்பிறந்தானுக்குச் சகோதரி நெற்றியில் ஏழு வண்ணத் திலகமிட்டு வாடாமல்லி மாலை சூட்டும் நாள் அது. விடுதிக்கார அக்கா தம் தம்பிகளோடு எங்களையும் வரிசையில் உட்காரவைத்தார். அக்கா தங்கை இல்லாத எனக்கு அந்த மாலையின் கனம் சொல்லில் அடங்காது.

என் நண்பனுக்கும் இங்கேயே நன்றி சொல்கிறேன். உடல் தளர்ந்த நிலையிலும் பெரியவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இறங்கினானே, அதற்காக. எங்களை அனுப்பிவிட்டு ஒவ்வொரு இரவும் தொலைபேசி அழைப்புக்காக விழித்திருந்த இரு வீட்டாருக்கும் நன்றி.

எங்கள் ஊரைச் சேர்ந்த மற்றொரு அன்பர் வரும் பங்குனியில் இதே வழியில் செல்கிறார். இம்மடலின் நேபாளி வடிவத்தையும் நாங்கள் எடுத்த நிழற்படங்களையும் தாத்தோபானி, ராணிபௌவா, பொக்காரா விடுதிகளில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நாமக்கல் ஓட்டுநரின் தாளை அவரிடம் கொடுத்திருக்கிறோம். அவருக்கும் எங்கள் நன்றி.

என்றும் நன்றியுடன்,
சேலத்திலிருந்து இருவர்