வீட்டு வாசலை விடுங்கள், கணக்கைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும், நிதி மோசடிச் செய்திகளை எழுதும் நிருபர்களுக்கும்,

வணக்கம். கணக்குத் தணிக்கை என் தொழில். ஒரு பதிவில் சந்தேகம் வந்தால், அறிக்கையில் ஏற்றுவதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்போம். பல சந்தேகங்கள் அந்த ஒரு கடிதத்திலேயே தீர்ந்துவிடும். தீராமல் நிற்பதைத்தான் துருவுவோம்.

மோசடியைத் தேடிப் போகாதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. மின்னணுப் பணப் பரிமாற்றம் செய்துவந்த ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனத்தின் கணக்குகளுக்குத் தணிக்கையாளர்கள் ஆண்டுக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விடாமல் கேள்வி கேட்டது பிரிட்டன் நாளிதழான ஃபைனான்சியல் டைம்ஸின் நிருபர் டான் மெக்ரம். 2019இல் அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பு, செய்தி எழுதியவர்கள் மீதே குற்றப் புகார் கொடுத்தது. 2020 ஜூனில், கணக்கில் காட்டிய 190 கோடி யூரோ எங்குமே இல்லை என்று தெரிந்து நிறுவனம் திவாலானது. என் தொழிலில் இருப்பவர்கள் தவறவிட்டதை உங்கள் தொழிலில் இருப்பவர்கள் பிடித்தார்கள். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

அந்தச் செய்திகளைத் தாங்கி நின்றவை உள் ஆவணங்களும், வாடிக்கையாளர் என்று காட்டப்பட்டவர்களையே நேரில் கேட்டுச் சரிபார்த்த உழைப்பும். அன்றாடம் கண்ணில் படும் செய்தியோ வேறு மாதிரி இருக்கிறது. 'விசாரணை வளையத்தில் தொழிலதிபர்' என்று தலைப்பு. உள்ளே போனால் 'கூறப்படுகிறது', 'வட்டாரங்கள் தெரிவித்தன'. எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் பணம் போனது என்று ஒரு வரி கிடையாது. ஆனால் கார் எண் தெரியும்படி வீட்டு வாசல் படம் இருக்கும், மகள் படிக்கும் பள்ளியின் பெயர் இருக்கும். ஆதாரம் என்று போட்ட வங்கி அறிக்கையில் கணக்கு எண் மறைக்கப்படாமல் கிடக்கும். அதற்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். அதில் ஒருவர் வாடகை அனுப்பியவராக இருக்கலாம், இன்னொருவர் கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தவராக இருக்கலாம். அவர்களும் கூட்டாளிகள் என்றுதான் ஊர் படிக்கும்.

2022 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், புளூம்பெர்க் செய்தி நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் ஒன்றைத் தெளிவுபடுத்தியது. குற்ற விசாரணையில் இருப்பவர், முறைப்படி குற்றம் சாட்டப்படும்வரை, விசாரணை பற்றிய தகவல் அந்தரங்கமாக இருக்கும் என்று பொதுவாக எதிர்பார்க்கலாம் என்றது. பத்திரிகை உலகில் பலர் கொதித்தார்கள். பணமும் வக்கீலும் உள்ளவர்கள் இதையே கேடயமாக்கிக்கொள்வார்கள் என்ற பயம் நியாயமானதுதான். ஆனாலும் அந்த வழக்கின் மையம், ஒருவரை விசாரிக்கிறார்கள் என்ற தகவல். முறைகேட்டை நிருபரே தோண்டி, ஆவணத்தோடு எழுதுவது வேறு விஷயம். அதிகாரி காதில் போட்ட பெயரை அப்படியே அச்சேற்றுவதில் உங்கள் உழைப்பு எங்கே இருக்கிறது?

இரவு ஒன்பது மணிக்குக் கேள்வி அனுப்பி, பத்து மணிக்கு 'தொடர்புகொள்ள முயன்றோம், பதில் இல்லை' என்று போடுவது விளக்கம் கேட்டதாகாது. முன்கூட்டிக் கேட்டால் தடயத்தை அழித்துவிடுவார்கள் என்பீர்கள். ஆவணங்களை முதலில் பத்திரப்படுத்திவிட்டுக் கேளுங்கள். எந்தக் குற்றச்சாட்டு, எந்தத் தேதி, எந்தத் தொகை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பதில் வந்தால் அதைக் கடைசி வரியில் ஒளிக்காதீர்கள்.

சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்ட குமாஸ்தாவின் பெயர் வேண்டாம். முடிவெடுத்தவர் பெயரைப் போடுங்கள், தைரியமாகப் போடுங்கள்.

வழக்கு கைவிடப்பட்டாலோ, விடுதலை ஆனாலோ, அதைத் தனியாக ஒரு மூலையில் நாலு வரியில் முடிக்க வேண்டாம். கூகுளில் அவர் பெயரைத் தேடுபவருக்குக் கிடைப்பது பழைய செய்திதான். அதே செய்தியின் தலைப்புக்குக் கீழே, தேதியோடு, முடிவு என்ன ஆனது என்று சேருங்கள். எந்த ஆசிரியரும் இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை இது.

இப்படிக்கு,
உங்கள் செய்திகளை நம்பிப் படிக்கும் ஒரு தணிக்கையாளர்