ரிக்ஸ் மல்யுத்த அணி நினைவுச் சேகரிப்பு: இன்னும் 2,826 டாலர் வேண்டும்

பழைய ரிக்ஸ் மல்யுத்த வீரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் ரிக்ஸ் கல்லூரி மல்யுத்த அணியின் பழைய சாமான்கள் கிடக்கும் அறையை செப்டம்பர் 30க்குள் காலி செய்தாக வேண்டும். இத்தனை வருடம் வாடகையே வாங்காமல் இடம் கொடுத்தவர் பண்ணையை விற்கிறார், அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. உள்ளே 212 வீடியோ கேசட்டுகள், நாலு பெட்டி புகைப்படங்கள், கையால் எழுதிய எடைக் குறிப்பேடுகள் இருக்கின்றன. கேசட்டுகளில் பாதி பூசணம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து ரெக்ஸ்பர்க்கில் 1888இல் சின்னப் பள்ளிக்கூடமாகத் தொடங்கிய இடம் நம்முடையது. 1976 ஜூன் 5 அன்று டீட்டன் அணை உடைந்து ஊரே தண்ணீரில் போனபோது, வீடிழந்தவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தது மேட்டில் இருந்த நம் கல்லூரிதான். (பெரியவர்கள் இந்தக் கதையை ஆரம்பித்தால் முடிய ஒரு மணி நேரமாகும், இங்கேயே நிறுத்திக்கொள்கிறோம்.)

நம் அணியிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வரை போன ருலான் கார்ட்னரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வயோமிங் ஆஃப்டனில் பால் பண்ணை வீட்டில் ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. நம் கல்லூரிக்காக இறங்கி 1991இல் இரண்டாண்டுக் கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை வாங்கினார், அப்புறம் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம். 2000 செப்டம்பர் 27 அன்று சிட்னி ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் ரஷ்யாவின் அலெக்ஸாண்டர் கரேலின். மூன்று ஒலிம்பிக் தங்கம், 13 வருடமாகத் தோல்வியே கிடையாது, 1997இல் இதே ருலானை 5-0 என்று உருட்டியவர். இரண்டாம் பாதியில் இருவரும் கட்டிப்பிடித்து நின்றார்கள், யார் பிடி முதலில் விடுகிறதோ அவருடைய எதிராளிக்குப் புள்ளி. கரேலின் கை விலகியது. 1-0, அவ்வளவுதான்.

அதற்கு மூன்று மாதம் முன்னால், ஜூன் 21இல்தான், கல்லூரி நான்காண்டுப் பல்கலைக்கழகமாகிறது, வெளிக்கல்லூரிகளோடு மோதும் விளையாட்டுகள் படிப்படியாக நிற்கும் என்ற அறிவிப்பு வந்திருந்தது. அந்த முடிவைக் கிளற நாங்கள் வரவில்லை. நம் பிள்ளைகளில் பலர் அங்கேயே படித்தார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். ஆனால் தங்கம் வந்த வருடமே மூடப்போகும் செய்தியும் வந்த அணி வேறெங்கே இருக்கும்?

ருலானுக்கு நாம் வைக்கப்போகும் பெயர்ப் பலகை தேவையில்லை, உலகத்துக்கே அவரைத் தெரியும். மற்றவர்களுக்குத்தான் தேவை. விடிகாலையில் மாடு கறந்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவர்கள், தேசியப் போட்டியில் மேடையேறிவிட்டு மார்மன் சபைக்காக இரண்டு வருட ஊழியத்துக்குப் போய்த் திரும்பி, பழைய எடைக்கு இறங்க முடியாமல் அல்லாடியவர்கள், இவர்கள் ஜெயித்ததற்கு அந்தக் கேசட்டுகளைவிட்டால் வேறு சாட்சி கிடையாது.

கணக்கு இதுதான். கேசட்டுக்கு 18 டாலர் வீதம் கணினியில் ஏற்ற 3,816. கண்ணாடி அலமாரிக்கு 2,400. எடைப் பிரிவு வாரியாகப் பெயர் பொறித்த பலகைக்கு 1,950. மொத்தம் 8,166 டாலர், கைக்கு வந்தது 5,340.

அந்த 5,340 எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் நன்றி கெட்டவர்களாகிவிடுவோம். கணவரை இழந்த ஒரு அம்மா அவருடைய பழைய மல்யுத்தக் காலணிகளோடு 500 டாலர் அனுப்பினார், காலணியைத் துடைத்துக்கூட வைத்திருந்தார். ஒருவர் மாதம் தவறாமல் 20 டாலர் அனுப்புகிறார், ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். இரண்டு வருடம் ஆடி ஒரு போட்டிகூட ஜெயிக்காத ஒருவர் அலமாரிச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார், பெயர் மட்டும் வேண்டாமாம். இவர்களுக்குக் கடவுள் குறை வைக்க மாட்டார்.

சரி, இனி கொஞ்சம் கசப்பு. போன ஒன்றுகூடலில் 61 பேர் தருகிறோம் என்று கை தூக்கினீர்கள், 23 பேரிடமிருந்துதான் வந்திருக்கிறது. கிழங்கு அறுவடை நேரம், பணம் பிறகுதான் புரளும் என்பது தெரியும். சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தில் யாரும் கைவைக்க வேண்டாம், அது போக மிஞ்சுவதில் கேட்கிறோம். மற்ற 38 பேரும் ஆளுக்கு 75 டாலர் போட்டால் முடிந்துபோகிற விஷயம் இது, யார் யார் என்ற பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

காசோலையைப் பொருளாளர் பெயருக்கு அனுப்புங்கள். பணம் முடியாதவர்கள் 27ஆம் தேதி காலை 8 மணிக்கு அறைக்கு வாருங்கள், பெட்டி தூக்க ஆள் வேண்டும். முதுகுவலிக்காரர்கள் பணமாகவே கொடுத்துவிடலாம். செப்டம்பர் 27, நாள் ஞாபகம் இருக்குமே.